113-க்கும் 013-க்கும் நடுவில்: பேஜ் டேபிள் அச்சைத் திருத்திய ஒரு நிகழ்வு ஆய்வு

ஃபோர்க் என்பது ஓடும் நிரலை, அதாவது புராசஸை, இரட்டிப்பது; காப்பி-ஆன்-ரைட் என்றால் நினைவகப் பக்கங்களை உடனே நகலெடுக்காமல் பகிர்ந்துகொண்டு, யாராவது எழுதப் போகும்போது மட்டும் நகலெடுப்பது. எக்ஸ்வி6 என்ற படிப்புக் கெர்னலில் (கெர்னல் என்பது இயங்குதளத்தின் மையப் பகுதி) காப்பி-ஆன்-ரைட் ஃபோர்க் எழுதி முடித்த அன்று ஷெல் வந்தது, எல்எஸ் ஓடியது, எக்கோவும் ஓடியது. சோதனை நிரலை ஓட்டியபோது மட்டும் ஒரு புராசஸ் செத்தது. அப்பா புராசஸ் பிழைத்தது, பிள்ளையும் பிழைத்தது. பிள்ளை ஃபோர்க் செய்த பேரன்தான், தன் ஹீப்பில் (ஓடும்போது கேட்டு வாங்கும் நினைவகத்தில்) ஒரு பைட் எழுதப் போன இடத்தில் கெர்னலால் கொல்லப்பட்டான். திரையில் வந்தது இவ்வளவுதான்: எதிர்பாராத ட்ராப், காரண எண் 15, முகவரி 4000.

ட்ராப் என்பது நிரல் நின்று கெர்னலுக்குத் தாவுவது. காரண எண் 15 என்றால் ரிஸ்க்-ஃபைவ் வகைச் சிபியு-வில் எழுதும்போது வரும் பேஜ் ஃபால்ட், அதாவது அந்தப் பக்கத்தில் எழுத வழியில்லை என்ற முறையீடு. காப்பி-ஆன்-ரைட்டில் இந்த ஃபால்ட் வரத்தான் வேண்டும்; வந்ததும் கெர்னல் பக்கத்தை நகலெடுத்துக் கொடுத்துவிட்டு நிரலைத் தொடர விட வேண்டும். இங்கே கெர்னல் நகலெடுக்காமல் கொன்றுவிட்டது. ஏன் என்று கண்டுபிடிக்க எங்களுக்கு இரண்டு மாலைகள் ஆயின. அதில் ஒன்றரை மாலை, நான் அதற்கு முந்தைய வாரம் பெருமையாக "மேம்படுத்தி" வைத்திருந்த பேஜ் டேபிள் அச்சால் (நிரலின் விர்ச்சுவல் முகவரியை ராமின் பிசிக்கல் முகவரியாக மாற்றும் அட்டவணையைத் திரையில் காட்டும் ஃபங்ஷனால்) வீணானது. அதனால்தான் இதை எழுதி வைக்கிறேன். பக் சின்னது, ஒரு வரித் திருத்தம். அச்சு விஷயம் பெரியது.

(முகவரிகளும் பேஜ் டேபிள் பதிவுகளும் எல்லா இடத்திலும் ஹெக்ஸில் (16 அடிமான எண்ணில்) தந்திருக்கிறேன். மற்ற எண்கள் வழக்கமானவை.)

முதலில் இருந்த அச்சு

எக்ஸ்வி6 என்பது எம்ஐடி-யில் பாடம் நடத்துவதற்காக 2006-இல் எழுதத் தொடங்கிய கெர்னல். பழைய யூனிக்ஸ் ஆறாம் பதிப்பின் உருவத்தைப் பின்பற்றியது. 2019 முதல் ரிஸ்க்-ஃபைவுக்கு மாறியது. அதன் பயிற்சிகளில் ஒன்று, பேஜ் டேபிளை அச்சடிக்கும் விஎம்பிரின்ட் என்ற ஃபங்ஷனை மாணவரே எழுதுவது. அந்தப் பயிற்சி கேட்கும் வடிவம் எளிமையானது: மேலே ஒரு தலைப்பு வரி, பிறகு டேபிளின் மூன்று படிகளையும் (அடுக்குகளையும்) இறங்கி, உயிருள்ள ஒவ்வொரு பதிவுக்கும் ஒரு வரி. படி ஆழத்துக்கு ஏற்பப் புள்ளிகள், பிறகு டேபிளுக்குள் எத்தனையாவது இடம், பதிவின் முழு மதிப்பு, அது காட்டும் பிசிக்கல் முகவரி.

எக்ஸ்வி6 பயன்படுத்தும் எஸ்வி39 என்ற ரிஸ்க்-ஃபைவ் பேஜ் டேபிள் முறையில் ஒரு டேபிள் பக்கம் 4096 பைட். ஒவ்வொன்றும் 8 பைட்டாக 512 பதிவுகள். விர்ச்சுவல் முகவரியின் 39 பிட்டில் கடைசி 12 பக்கத்துக்குள் இருக்கும் தூரம், மீதி 27 பிட்டும் ஒன்பது ஒன்பதாக மூன்று படிகளுக்கான இடஎண்கள். எக்ஸ்வி6 அந்த 39-இலும் உச்சிப் பிட்டைத் தொடாமல் 38 பிட்டோடு நிறுத்திக்கொள்கிறது. அதனால் முகவரி வெளியின் எல்லை 4000000000. மேல்படியில் கடைசியாகத் தென்படும் இடம் 511 அல்ல, 255. முதல் தடவை பார்ப்பவர்கள் எல்லாரும் இங்கே ஒரு நிமிடம் தடுமாறுவார்கள். நானும் தடுமாறினேன்.

இந்த அச்சில் எனக்கு இருந்த குறை நியாயமானதுதான். ஃபால்ட் செய்தி தருவது விர்ச்சுவல் முகவரி. அச்சு தருவதோ மூன்று இடஎண்கள். இரண்டையும் பொருத்திப் பார்க்க விரல்விட்டு பிட் நகர்த்த வேண்டும். அனுமதிகள் பதிவின் கடைசி இலக்கங்களுக்குள் புதைந்து கிடக்கின்றன. பிசிக்கல் பக்க எண் பதிவில் 10-ஆம் பிட்டில் தொடங்குகிறது, முகவரியிலோ 12-ஆம் பிட்டில். ஆகவே பதிவைப் பார்த்ததும் முகவரி தெரியாது, பிளாகுகளை (அனுமதி முதலான குறிப் பிட்டுகளை) கழித்துவிட்டு நாலால் பெருக்க வேண்டும். போதாக்குறைக்கு நீளம். எங்கள் சோதனை நிரலில் நான்கு பக்கம் நிரலும் ஸ்டேக்கும், 16 பக்கம் ஹீப். அதற்கே 27 வரிகள்.

நான் செய்த அழகுபடுத்தல்

லினக்ஸில் இதற்கு முன்மாதிரி இருக்கிறது. எக்ஸ்86 (இன்டெல் வகைச் சிபியு) கெர்னலின் பேஜ் டேபிளை டீபக்எஃப்எஸ் என்ற பிழைதேடும் கோப்பு அமைப்பில் ஒரு கோப்பாகக் காட்டும் வசதி 2008-இல் சேர்ந்தது. அது பதிவுக்கு ஒரு வரி என்று கொட்டுவதில்லை. ஒரே அனுமதியோடு அடுத்தடுத்து இருக்கும் முகவரிகளைச் சேர்த்து, தொடக்கம், முடிவு, அளவு, அனுமதி, எந்தப் படி என்று ஒரே வரியில் சொல்கிறது. நடுநடுவே "இங்கிருந்து விமாலாக் பகுதி" என்பது போன்ற தலைப்புக் கோடுகளும் வரும். 64 பிட் கெர்னலின் டேபிளை வேறு எப்படியும் மனிதர் படிக்க முடியாது.

அதைப் பார்த்து நானும் செய்தேன். இடஎண்களைத் தூக்கிவிட்டு விர்ச்சுவல் முகவரி. படி, எழுது, ஓட்டு, யூசர் ஆகிய நான்கு அனுமதிகளுக்கும் ஆளுக்கு ஓரெழுத்து, இல்லாத இடத்தில் கோடு. அடுத்தடுத்த வரிகளில் எழுத்துகள் ஒன்றாக இருந்தால் அவற்றைச் சேர்த்து ஒரே வரி. 27 வரி 7 வரியானது: தலைப்பு, நிரல், தரவு, காவல் பக்கம், ஸ்டேக்கும் ஹீப்பும் சேர்ந்து ஒன்று, உச்சியில் ட்ராப்ஃபிரேம் (ட்ராப்பின்போது ரெஜிஸ்டர்களைச் சேமிக்கும் பக்கம்), அதற்கு மேல் ட்ராம்பொலின் (கெர்னலுக்குள் போகவும் திரும்பவும் உதவும் நிரல் பக்கம்). ஒரு பார்வையில் முழுப் புராசஸும் தெரிந்தது. காவல் பக்கத்தில் யூசர் எழுத்து இல்லாததைப் பார்த்து, ஸ்டேக் வழிந்தால் எங்கே மோதும் என்று தம்பிக்கு விரலால் தொட்டுக் காட்டினேன். சனிக்கிழமைகளில் என்னோடு உட்கார்ந்து கெர்னல் படிக்கும் பையன் அவன். காப்பி-ஆன்-ரைட் அவன் எழுதியது, அச்சு நான் எழுதியது.

பேரன் செத்ததும் முதல் வேலையாக மூன்று தலைமுறையின் டேபிளையும் அச்சடித்துப் பார்த்தோம். பிள்ளையின் ஹீப்: 4000 முதல் 14000 வரை, படிக்கலாம், யூசர் தொடலாம். எழுதக் கூடாது, காப்பி-ஆன்-ரைட்டில் அப்படித்தான் இருக்க வேண்டும். பேரனின் ஹீப்: அதே 4000 முதல் 14000 வரை, அதே எழுத்துகள்.

"அக்கா, பிள்ளைக்கும் பேரனுக்கும் டேபிள் ஒண்ணாத்தானே இருக்கு? அப்ப ஏன் பேரன் மட்டும் சாகணும்?"

எனக்கும் பதில் தெரியவில்லை. டேபிள் சரி என்று அச்சு சொல்லிவிட்டதால் டேபிளை விட்டுவிட்டோம். ஃபால்ட் கையாளும் நிரலைத் துருவினோம். பக்கத்துக்கு எத்தனை பேர் உரிமையாளர் என்று எண்ணும் கவுண்டரைச் சந்தேகித்தோம், அதன் லாக்கைச் சந்தேகித்தோம். டிஎல்பி-யில் (முகவரி மாற்றங்களைச் சிபியு நினைவில் வைத்துக்கொள்ளும் இடத்தில்) பழைய மொழிபெயர்ப்பு தங்கிவிட்டதோ என்று கூடப் போனோம். அது வீண் சந்தேகம்: எக்ஸ்வி6 யூசர் பக்கம் திரும்பும் ஒவ்வொரு முறையும் டேபிளை மாற்றி டிஎல்பி-யைத் துடைத்துவிட்டுத்தான் போகிறது. ஆனால் அச்சு ஒன்றைச் சரி என்று சொன்னபின் மனம் இப்படித்தான் ஊர் சுற்றும்.

இரண்டாம் நாள் மாலை தம்பி வேறு மடிக்கணினியில் ஓட்டினான். அதில் என் புதிய அச்சு ஏறியிருக்கவில்லை. பழைய புள்ளி வைத்த 27 வரிதான் வந்தது. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தவன் சொன்னான்:

"அக்கா, பிள்ளையோட பதிவு 21508113. பேரனோடது 21508013. நடுவுல ஒரு ஒண்ணைக் காணோம்."

காணாமல் போன அந்த ஒன்று

இரண்டு பதிவும் காட்டும் பிசிக்கல் பக்கம் ஒன்றே. பிளாகைக் கழித்தால் 21508000, நாலால் பெருக்கினால் 85420000. அப்பாவிடமிருந்து இறங்கி வந்த பக்கம், மூவரும் பகிர்ந்துகொள்வது. கடைசி 13-இல் இருப்பவை: பதிவு உயிரோடு இருக்கிறது, படிக்கலாம், யூசர் தொடலாம். அதற்கு முந்தைய 1 என்பது 8-ஆம் பிட். ரிஸ்க்-ஃபைவ் விதிப்படி 8, 9 பிட்டுகளை வன்பொருள் கண்டுகொள்ளாது. இயங்குதளம் தன் சொந்த உபயோகத்துக்கு வைத்துக்கொள்ளலாம். தம்பி அந்த 8-ஆம் பிட்டைத்தான் "இது காப்பி-ஆன்-ரைட் பக்கம்" என்ற குறியாக வைத்திருந்தான். பேரனிடம் அந்தக் குறி இல்லை. குறி இல்லாத பக்கத்தில் எழுதப் போனால் கெர்னலுக்கு அது அத்துமீறல். கொன்றது சரிதான்.

குறி எங்கே விழுந்தது என்பது பிறகு ஐந்து நிமிட வேலை. ஃபோர்க்கில் பக்கங்களைப் பகிரும் இடத்தில் இரண்டு கிளைகள். எழுது பிட் இருந்தால்: அதை நீக்கு, குறியைப் போடு, இருவருக்கும் கொடு. எழுது பிட் இல்லாவிட்டால்: இது வெறும் படிக்கும் பக்கம், நாலு அனுமதி பிட்டுகளை மட்டும் வடிகட்டி அப்படியே கொடு. அப்பாவிடமிருந்து பிள்ளைக்கு முதல் கிளை, குறி விழுந்தது. பிள்ளை அந்த ஹீப்பில் எதுவும் எழுதாமல் மறுபடி ஃபோர்க் செய்தபோது எழுது பிட் ஏற்கெனவே போய்விட்டிருந்தது. இரண்டாம் கிளை, வடிகட்டியில் குறி நின்றுவிட்டது. ஸ்டேக் ஏன் சாகவில்லை? பிள்ளை ஒரு வரி அச்சடித்துவிட்டுத்தான் அடுத்த ஃபோர்க்கைப் போட்டது. அச்சடிக்கும்போதே ஸ்டேக்கில் எழுதி, தனக்கென்று எழுதக்கூடிய நகலை வாங்கிவிட்டது. அந்த ஒரு வரியை எடுத்திருந்தால் பேரன் ஹீப் வரைக்கும் கூடப் போயிருக்க மாட்டான்.

இதில் என் பங்கு என்ன? நான் எழுத்துகளை ஒப்பிட்டேன். அதாவது அடுத்தடுத்த இரண்டு பதிவுகள் ஒன்றா என்று பார்க்கும் இடத்தில், பதிவில் என்ன இருக்கிறது என்பதை ஒப்பிடாமல், நான் என்ன அச்சடிக்கப் போகிறேன் என்பதை ஒப்பிட்டேன். எனக்குத் தெரிந்த நாலு பிட்டுக்கு எழுத்து கொடுத்தேன். தெரியாத பிட்டுகள் சத்தமில்லாமல் மறைந்தன. ஒரே ஹீப்பில் பாதிப் பக்கங்களுக்குக் குறி இருந்து பாதிக்கு இல்லாமல் போயிருந்தாலும் என் அச்சு அதை ஒரே வரியாகச் சேர்த்துக் காட்டியிருக்கும். பிசிக்கல் முகவரியையும் எடுத்துவிட்டேன். பக்கத்தைப் பகிர்வதே வேலையாக இருக்கும் ஒரு திட்டத்தில், யார் யாரோடு பகிர்கிறார்கள் என்பதைக் காட்டாத அச்சு!

எனக்கு ஒரு ஆறுதல்: கியூஎமு-வின் (எக்ஸ்வி6 ஓடும் போலிக் கணினி மென்பொருளின்) மானிட்டரில் கிடைக்கும் மெமரிப் பட்டியலிலும் இந்த 8, 9 பிட்டுகள் வருவதில்லை. அதுவும் ஏமாற்றியிருக்கும். மேலும், அது காட்டுவது அந்த நொடியில் சிபியு-வில் ஏறியிருக்கும் டேபிளை. எக்ஸ்வி6-இல் கெர்னலுக்குத் தனி டேபிள் என்பதால், கெர்னலுக்குள் நிறுத்திப் பார்த்தால் கெர்னலின் டேபிள்தான் வரும், செத்த பேரனுடையது வராது.

மறுபடி எழுதியது

பழைய 27 வரிக்கே திரும்பிவிடலாம் என்று தம்பி சொன்னான். நான் ஒத்துக்கொள்ளவில்லை. சுருக்கியது தவறல்ல, எதை வைத்துச் சுருக்கினேன் என்பதுதான் தவறு.

இப்போது வரிகளைச் சேர்ப்பதற்கான சோதனை பதிவின் மேல் நடக்கிறது. பக்க எண்ணையும், "தொடப்பட்டது", "எழுதப்பட்டது" என்று வன்பொருள் தானே போடும் இரண்டு பிட்டுகளையும் மட்டும் ஒதுக்கிவிட்டு மீதி எல்லாமே ஒத்திருந்தால்தான் சேர்ப்பு. அந்த இரண்டையும் சேர்த்து ஒப்பிட்டால் ஹீப் சல்லடையாகக் கிழிந்து மறுபடி 27 வரிக்கே போய்விடுகிறது, அதனால் விட்டுவைத்தேன். ஒவ்வொரு வரியிலும் எழுத்துகளுக்குப் பக்கத்தில் பிளாகின் ஹெக்ஸ் மதிப்பும் உண்டு. எழுத்து இல்லாத பிட் எது எழுந்து நின்றாலும் "தெரியாத பிட்" என்று எண்ணோடு வந்துவிடும். காப்பி-ஆன்-ரைட் குறிக்கு ஐந்தாவது எழுத்து கொடுத்தோம். பகிரப்படும் பக்கமாக இருந்தால் பிசிக்கல் முகவரியும் உரிமையாளர் எண்ணிக்கையும் சேர்ந்து வரும். அப்போது அந்த வரி பக்கத்துக்கு ஒன்றாக விரியும். நீளம்தான், ஆனால் வேண்டிய இடத்தில் மட்டும்.

அதைவிடப் பலன் தந்தது வேறு மாற்றம். ஃபால்டில் ஒரு புராசஸ் சாகும்போது முழு டேபிளும் யாருக்கும் வேண்டாம். அந்த ஒரு முகவரிக்கு வன்பொருள் இறங்கிய பாதை போதும்: மூன்று படி, மூன்று வரி. லினக்ஸும் எக்ஸ்86-இல் விழும்போது இப்படித்தான் ஒவ்வொரு படியின் பதிவையும் ஒரே வரியில் கோத்துக் காட்டும். நாங்கள் நாலாவதாக ஒரு தீர்ப்பு வரியும் சேர்த்தோம். காரண எண் 15 என்றால் தேவை எழுது பிட், இருப்பது என்ன? பேரன் விஷயத்தில் இப்போது வரும் வரி: "எழுத அனுமதி இல்லை, காப்பி-ஆன்-ரைட் குறியும் இல்லை." அன்று இந்த ஒரு வரி இருந்திருந்தால் முதல் மாலையே வீட்டுக்குப் போயிருப்போம். பாதை நடுவிலேயே அறுந்திருந்தால் எந்தப் படியில் என்று சொல்லும். யூசர் பிட் மட்டும் இல்லையென்றால் காவல் பக்கமாக இருக்கலாம் என்று சொல்லும். எல்லா அனுமதியும் இருந்தும் ஃபால்ட் வந்தால் "தொடப்பட்டது", "எழுதப்பட்டது" பிட்டுகளைப் பார்க்கச் சொல்லும்: அவற்றை வன்பொருளே போடலாம், அல்லது ஃபால்ட் எழுப்பி மென்பொருளைப் போடச் சொல்லலாம் என்று ரிஸ்க்-ஃபைவ் இரண்டு வழியையும் அனுமதிக்கிறது. எக்ஸ்வி6 அவற்றைப் போடுவதே இல்லை, கியூஎமு போட்டுக்கொடுப்பதால் தப்பிக்கிறது.

லினக்ஸில் இதே எண்ணம் இன்னும் ஒரு படி மேலே போனது. 2015-இல் எக்ஸ்86-இல் சேர்ந்த ஒரு வசதி, டேபிளில் இறங்கும் அதே நடையைக் கெர்னல் பூட் ஆகி முடியும்போது ஓட்டி, எழுதவும் ஓட்டவும் ஒருங்கே அனுமதி உள்ள கெர்னல் பக்கம் ஏதாவது இருக்கிறதா என்று தானே தேடி எச்சரிக்கும். யாரும் கோப்பைத் திறந்து கண்ணால் தேட வேண்டியதில்லை. முகவரிகளை அச்சடிப்பதற்கு வேறொரு விலையும் உண்டு. 2018 ஜனவரியில் வந்த 4.15 முதல் லினக்ஸ் சாதாரணப் பாயின்டர் அச்சில் உண்மை முகவரிக்குப் பதில் குழப்பிய எண்ணையே காட்டுகிறது. கெர்னல் எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பது தாக்குபவருக்குத் துப்பு. எங்கள் படிப்புக் கெர்னலுக்கு அந்தக் கவலை இல்லை.

அச்சே கெர்னலைக் கவிழ்த்த இரண்டு தடவை

தீர்ப்பு வரி வந்த மகிழ்ச்சியில் எக்ஸ்வி6-இன் முழுச் சோதனைத் தொகுப்பையும் ஓட்டினோம். கெர்னல் பேனிக், அதாவது கெர்னலே நின்றுவிட்டது. அந்தத் தொகுப்பில் ஒரு சோதனை, 4000000000-க்கு மேற்பட்ட முகவரிகளில் வேண்டுமென்றே எழுதி, கெர்னல் தன்னைக் கொல்கிறதா என்று பார்க்கும். டேபிளில் இறங்கும் எக்ஸ்வி6-இன் வாக் ஃபங்ஷன் எல்லைக்கு மேற்பட்ட முகவரி வந்தால் பேனிக் அடிக்கும்படி எழுதப்பட்டது. அதை நான் அப்படியே அச்சுக்குள் கூப்பிட்டிருந்தேன். கொல்ல வேண்டியது யூசர் புராசஸை. அச்சு கொன்றது கெர்னலை. ஆகவே அச்சுக்கு என்று சொந்தமாக ஒரு நடை எழுதினேன். அது பேனிக் அடிக்காது, நினைவகம் கேட்காது. அடுத்த படிக்கு இறங்குமுன், அந்த முகவரி 80000000-க்கும் 88000000-க்கும் இடையில், அதாவது எக்ஸ்வி6 நம்பும் 128 எம்பி ராமுக்குள் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளும்.

இந்தக் காவல் எவ்வளவு முக்கியம் என்பது அடுத்த வாரம் தெரிந்தது. புராசஸ் முடியும் இடத்தில் ஒரு அச்சு வைக்கலாம் என்று தம்பி சேர்த்த வரி, டேபிளை விடுவித்த பிறகு ஓடும் இடத்தில் விழுந்துவிட்டது. செத்த டேபிளை அச்சு நடந்து பார்த்தது. வரிசையாக ஒரே செய்தி: அடுத்த படி 0404040404040000, ராமுக்கு வெளியே, இறங்கவில்லை.

எங்கிருந்து இந்த எண்? எக்ஸ்வி6 ஒரு பக்கத்தை விடுவிக்கும்போது, பழைய பாயின்டரைப் பிடித்திருப்பவர்கள் மாட்டிக்கொள்ளட்டும் என்று பக்கம் முழுக்க 1 என்ற பைட்டை நிரப்புகிறது. எட்டு பைட்டாக எடுத்தால் 0101010101010101. அதைப் பேஜ் டேபிள் பதிவாகப் படித்தால் அடிப் பிட் 1: உயிரோடு இருக்கிறது. படி, எழுது, ஓட்டு மூன்றும் 0: ஆகவே இது பக்கமல்ல, அடுத்த டேபிளுக்கான வழிகாட்டி. பக்க எண்ணை முகவரியாக்கினால் அந்த 0404-கள். இப்படி விஷம் போல 1-ஐ நிரப்பி வைத்தவர்கள் அறியாமலே அது ஒரு செல்லுபடியான பதிவு போலத் தோற்றம் தருகிறது. பழைய அச்சாக இருந்தால் நேராக அந்த முகவரிக்கு இறங்கிக் கெர்னலோடு விழுந்திருக்கும். புதிதாக ஒதுக்கும் பக்கத்தை எக்ஸ்வி6 5-ஆல் நிரப்புகிறது. அதைத் துடைக்க மறந்து டேபிளாக்கினால் 0505: உயிர் உண்டு, எழுதலாம், ஆனால் படிக்க முடியாது. ரிஸ்க்-ஃபைவில் அந்தச் சேர்க்கையே தடை. இரண்டு எண்களையும் அச்சுக்குச் சொல்லிக் கொடுத்தோம். இப்போது முகவரிக்குப் பதிலாக "விடுவித்த பக்கம்" அல்லது "துடைக்காத புதுப் பக்கம்" என்றே எழுதும், எத்தனை பதிவுகள் என்ற எண்ணிக்கையோடு.

தம்பி மறுபடி ஓட்டினான். "விடுவித்த பக்கம், 511 பதிவு" என்று வந்தது.

"512 தானே வரணும் அக்கா? மறுபடி ஒண்ணு காணோமே."

இந்தத் தடவை அச்சின் மேல் தப்பில்லை. விடுவித்த பக்கங்களைக் கோக்கும் பட்டியல் அந்தப் பக்கங்களுக்குள்ளேயே இருக்கிறது: 1-ஆல் நிரப்பியபின் முதல் எட்டு பைட்டில் அடுத்த காலிப் பக்கத்தின் முகவரியை எழுதிவிடுகிறது கெர்னல். பக்க முகவரி என்பதால் அதன் கடைசி 12 பிட்டும் 0; உயிர்ப் பிட்டும் 0. டேபிளாகப் பார்த்தால் இடஎண் 0 காலி.